உயிருள்ள வயலின், உயிரில்லாத கீபோர்டு

2009 பிப்ரவரி 22 இரவு லாஸ் ஏஞ்சலஸில் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். மேடையில் தமிழிலும் பேசினார். நமக்கு அது திங்கட்கிழமை காலை. அந்தக் காலையை என் தலைமுறையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்று தோற்றது யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. சிறந்த இசை, சிறந்த பாடல், சிறந்த ஒலிக்கலவை என்று மூன்று பிரிவுகளில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வென்றது. அந்த மூன்றிலும் எதிரில் நின்று மூன்றிலும் தோற்ற படம் ஒன்றே ஒன்றுதான். குப்பை அள்ளும் ரோபோ ஒன்று விண்வெளிக்குப் போய்த் திரும்பும் பிக்ஸாரின் அனிமேஷன் படம், 'வால்-ஈ'. இசை தாமஸ் நியூமன்.

அந்த வருடத்தின் சிறந்த பின்னணி இசை 'வால்-ஈ'யுடையதுதான் என்பது என் கட்சி. ரஹ்மான் ரசிகர்கள் கல்லைத் தேடுவதற்குள் சொல்லிவிடுகிறேன், நானும் ரஹ்மான் கேசட் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவன்தான். தவிர, இது விருதைப் பற்றிய சண்டையும் அல்ல. இத்தனை வருடம் கழித்து மறு எண்ணிக்கை கேட்க எனக்கு வேறு வேலை இல்லையா என்ன? சண்டை ஒரு வாக்கியத்தோடு. டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், யூடியூப் வீடியோவின் அடியில், இலக்கியக் கூட்டம் முடிந்து போண்டா தின்னும் இடத்தில் என எல்லா இடத்திலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்த வாக்கியம்: "என்ன இருந்தாலும் கம்ப்யூட்டர்ல தட்டுனது சார். லைவ்ல இருக்கிற உயிர் இதுல வராது."

இந்த வாக்கியத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சொல்பவர் மாறிக்கொண்டே இருப்பார், வாக்கியம் மட்டும் மாறாது. முதலில் ராஜா ரசிகர்கள் ரஹ்மானைப் பார்த்துச் சொன்னார்கள். பிறகு ரஹ்மான் ரசிகர்கள் அனிருத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இப்போது அனிருத் ரசிகர்கள் ஏஐ-யைப் பார்த்துச் சொல்கிறார்கள். இசையில் உயிர் செத்துப்போன வருடம் எது என்று ஒருவரிடம் கேளுங்கள். அவருக்கு இருபத்தைந்து வயது முடிந்த வருடத்தைச் சரியாகச் சொல்வார்.

நம் ஊரில் இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். 1963-இல் வந்த 'கலை அரசி' ஞாபகம் இருக்கிறதா? எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து, காசிலிங்கம் இயக்கி, கே.வி. மகாதேவன் இசையமைத்த படம். தமிழில் வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்கிய முதல் படம் என்று அதைச் சொல்வார்கள். அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதுதான் விஷயம். பூமியைப் பிடிக்க அல்ல. அவர்களிடம் பறக்கும் தட்டு இருக்கிறது, விஞ்ஞானம் இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை. அதனால் பாடத் தெரிந்த கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் ஆட்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு காரணம் தோன்றியிருக்காது. ஆனால் அடியில் ஓடும் கணக்கைப் பாருங்கள்: இயந்திரம் எங்கே முற்றுகிறதோ அங்கே இசை வற்றும். இசை வேண்டுமென்றால் ரத்தமும் சதையுமாக ஓர் ஆளைத்தான் கடத்த வேண்டும்.

'வால்-ஈ' இந்தக் கதையை அப்படியே கவிழ்த்துப் போடுகிறது. அங்கே மனிதர்கள்தான் வேற்றுக்கிரகவாசிகள். 700 வருடமாக ஆக்ஸியம் என்ற கப்பலில் மிதக்கும் நாற்காலிகளில் படுத்தபடி கிடக்கிறார்கள். பூமியில் மிச்சமிருப்பது ஒரு துருப்பிடித்த இயந்திரம். அது குப்பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டைப் பொறுக்கி வைத்திருக்கிறது. 1969-இல் வந்த 'ஹலோ, டாலி!' படத்தின் கேசட். தினமும் வேலை முடிந்து வந்து அதைப் போட்டுப் பார்க்கிறது. அதில் வரும் ஒரு காதல் பாட்டைத் தன் நெஞ்சில் இருக்கும் ரெக்கார்டரில் பதிந்துகொள்கிறது. மறுநாள் குப்பைக் குன்றுகளுக்கு நடுவே அதைக் கேட்கிறது. மனித குலம் கேட்க மறந்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் கடைசி ரசிகன் ஒரு ரோபோ.

இங்கே தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் வருகிறது. அதுவா, அவனா? நம் இலக்கணம் இதில் கறார். வயலின் அஃறிணை, கீபோர்டு அஃறிணை, ரோபோ அஃறிணை. இந்தப் படத்தை ஒரு தடவை என் அக்கா மகனோடு பார்த்தேன். ஏழு வயது. படம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, "அவன் பாவம் மாமா" என்றான். முதல் அரை மணி நேரத்தில் அனேகமாக வசனமே கிடையாது. முகம் என்று பார்த்தால் இரண்டு பைனாகுலர் குழல்கள். 'அது' எந்த நொடியில் 'அவன்' ஆனது? அந்த வேலையைச் செய்தது எது? பாதி அசைவு, மீதி ஒலி.

ஒலி என்று பொதுவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் படத்தில் இசை எங்கே முடிகிறது, ஒலி வடிவமைப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஒலி வடிவமைப்பு பென் பர்ட். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஆர்2-டி2 ரோபோவுக்குக் குரல் கொடுத்த அதே ஆள். வால்-ஈயின் குரல் பர்ட்டின் சொந்தத் தொண்டையில் பிறந்து கணினியில் உருமாறியது. ஈவின் குரல் பிக்ஸாரில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது, அதுவும் கணினி வழியாக வந்ததுதான். வில்லன் ஆட்டோ பேசுவது ஆப்பிள் கணினியில் எழுத்தைப் படித்துக்காட்டும் மேக்இன்டாக் மென்பொருளின் குரலில். கப்பலின் கணினிக்கு மட்டும் சிகோர்னி வீவர் என்ற நிஜ நடிகை பேசியிருக்கிறார். (வீவர் என்றால் நெசவாளர். எங்கள் பக்கத்து ஆளுக்கு இது கண்ணில் படாமல் போகாது.) இந்த நான்கில் எதற்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் பார்ப்போம். உயிர் இருந்தது தொண்டையில் என்றால் ஆட்டோவைப் பார்த்து நாம் பயந்திருக்கவே கூடாது.

நியூமன் சினிமா இசைக் குடும்பத்தில் வந்தவர். அப்பா ஆல்ஃப்ரெட் நியூமன் ஒன்பது ஆஸ்கர் வாங்கியவர். மகன் பதினைந்து முறை பரிந்துரைக்கப்பட்டு ஒன்றுகூட வாங்காதவர். 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்', 'அமெரிக்கன் பியூட்டி', 'ஃபைண்டிங் நீமோ' எல்லாம் இவர்தான். இவர் வேலை செய்யும் விதம் நம் 'லைவ் எதிர் கம்ப்யூட்டர்' பட்டிமன்றத்துக்குள் அடங்காது. பல வருடமாகக் கூடவே இருக்கும் சில வாத்தியக்காரர்களை உட்காரவைத்து விதவிதமான கருவிகளை வாசிக்கச் சொல்வார். வந்த ஒலிகளை எலக்ட்ரானிக் முறையில் நீட்டி, நசுக்கி, மங்கலாக்கி ஒரு தளம் போடுவார். அதன்மேல் ஆர்கெஸ்ட்ராவை ஏற்றுவார். அடித்தளம் கணினியா, கையா? இரண்டும். மேல்தளம்? அதுவும் கலந்து கிடக்கும்.

கப்பலுக்கு வெளியே வால்-ஈயும் ஈவும் ஆடும் காட்சிக்கு வருவோம். படத்தின் உச்சம் அதுதான் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். வால்-ஈயின் கையில் ஒரு தீயணைப்பான், அதன் புகையை உந்துசக்தியாக்கி விண்வெளியில் மிதக்கிறான். ஈவ் சுற்றி வருகிறாள். அதே நேரத்தில் உள்ளே கேப்டன், நடனம் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டுக் கணினியைத் துளைக்கிறார். ஹார்ப் போலவும் கண்ணாடி மணி போலவும் ஒலிக்கும் சின்னஞ்சிறு துணுக்குகள் திரும்பத் திரும்பச் சுழல, அதன் கீழிருந்து நரம்புக் கருவிகள் மெல்ல எழும்பி விரிகின்றன. சுழல்வது சீக்வென்சர் பாணி, விரிவது ஆர்கெஸ்ட்ரா பாணி. ஒன்று ஒரே கணக்கில் அசையாமல் ஓடுவதால்தான் மற்றது அவ்வளவு சுதந்திரமாக நீள முடிகிறது. இந்த இசையை நியூமனும் பீட்டர் கேப்ரியலும் சேர்ந்து எழுதினார்கள், கிராமி கிடைத்தது. இதிலிருந்து எலக்ட்ரானிக்கைப் பிடுங்கிவிட்டால் அது இன்னொரு அழகான வால்ட்ஸ் ஆகிவிடும். ஆர்கெஸ்ட்ராவைப் பிடுங்கினால் மொபைல் ரிங்டோன்.

சுத்தமான ஆர்கெஸ்ட்ரா கேட்கும் இடமும் படத்தில் இல்லாமல் இல்லை. ஆக்ஸியம் கப்பலில் யோகான் ஸ்ட்ராஸின் 'ப்ளூ டானூப்' வருகிறது. எந்தக் கணினியும் தொடாத, வியன்னாவின் நூறு சதவீத லைவ் உயிர். அது என்ன செய்கிறது? படுத்தே கிடக்கும் மனிதர்களின் உலகத்துக்கு இதமான சுவர்த்தாள் ஒட்டுகிறது. குப்ரிக்கின் '2001' படத்தை இது கிண்டலடிக்கிறது என்பது சினிமா மாணவர்களுக்குத் தெரியும். எனக்கு அதில் வேறொரு குத்தலும் கேட்கிறது. வயலினில் தானாக ஊறும் உயிர் என்று ஒன்று இருந்தால், அந்த மனிதர்களில் ஒருவராவது நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டுமே.

நம் பக்கத்துக்கு வருகிறேன். ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லை நாம் என்ன பொருளில் வைத்திருக்கிறோம்? எங்கள் கலசப்பாக்கத்தில் யாரிடமும் போய் ஆர்கெஸ்ட்ரா என்று சொல்லுங்கள். சிம்ஃபனி அரங்கத்தில் கோட்டு போட்ட எண்பது பேர் யாருக்கும் தோன்றாது. ஆடி மாசம் மாரியம்மன் கோயில் திருவிழாவில், சீரியல் செட் மினுக்க, ஜெனரேட்டர் உறும, ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு கிட்டார், இரண்டு பாட்டுக்காரர்கள். அதுதான் ஆர்கெஸ்ட்ரா. அந்தக் கீபோர்டுக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? ராஜா எழுதிய வயலின் கூட்டம் முழுவதையும் இடது கையில் வைத்திருப்பார். வலது கையில் புல்லாங்குழல். ஷெனாய் வரும் இடத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டனைத் தட்டிக் குரலை மாற்றுவார். தமிழ்நாட்டு கிராமத்து ஜனம் இளையராஜாவின் இசையை நேரில் கேட்டதெல்லாம் இவர்கள் கையால்தான். ராஜாவின் ஆர்கெஸ்ட்ராவை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததே உயிரில்லாத கீபோர்டுதான். அதைக் கேட்டு அழுத அத்தைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் "அது சாம்பிள்ட் ஸ்ட்ரிங்ஸ் அத்தை, நீங்க அழுதது செல்லாது" என்று யார் சொல்வது?

ராஜாவே இந்தப் பட்டிமன்றத்தில் நமக்குத் தோதாக ஒரு பக்கம் உட்கார மாட்டார். 1986-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வருடம். ஒரு பக்கம் 'ஹவ் டு நேம் இட்?', மேற்கத்திய நரம்பிசையும் கர்நாடக ராகமும் சந்திக்கும் ஆல்பம். இன்னொரு பக்கம் 'புன்னகை மன்னன்', தமிழ் சினிமாவில் கணினி சீக்வென்சரைத் துணிந்து கையாண்ட ஆரம்பப் படங்களில் ஒன்று. இன்னொன்று 'விக்ரம்', சுஜாதாவின் ஏவுகணைக் கதைக்கு எலக்ட்ரானிக் துடிப்போடு ஒரு டைட்டில் பாட்டு. அப்போது மிடி என்ற தொழில்நுட்பம் சந்தைக்கு வந்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரில் உயிர் வராது என்று ராஜாவின் பெயரால் சண்டை போடுகிறவர்கள், ராஜா அதைத் தொட்ட வருடத்தில் பிறந்தே இருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுகளில் ராஜாவிடம் கீபோர்டு வாசித்த திலீப் என்ற பையனின் வீட்டில், அப்பா ஆர்.கே. சேகர் போனபின், அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் சோறு வந்தது. உயிரில்லாத பொருள்கள் ஒரு குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தன. அந்தப் பையன்தான் பின்னாளில் நியூமனைத் தோற்கடித்த ரஹ்மான்.

என் தொழில் மென்பொருள் என்பதால் ஒரு சின்னத் தகவல். இசை மென்பொருள்கள் பலவற்றில் 'ஹ்யூமனைஸ்' என்று ஒரு வசதி உண்டு. அழுத்தினால், கணக்காக விழுந்த சுரங்களைச் சில மில்லிசெகண்ட் முன்னும் பின்னுமாகக் கலைத்துவிடும். ஒவ்வொரு தட்டின் அழுத்தத்தையும், 0 முதல் 127 வரை போகும் எண்ணையும், கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். கேட்டால் ஆள் வாசித்த மாதிரியே இருக்கும். உயிர் என்று நீங்கள் சொல்வது மனிதக் கையின் சின்னச் சின்னப் பிசகுதான் என்றால், மன்னிக்கவும், அது ரேண்டம் எண்களில் கிடைக்கிறது. உயிர் அது இல்லை என்றால் வேறு எது? இந்தக் கேள்விக்கு "கேட்டா தெரியும் சார்" என்பதைத் தாண்டி யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் ஒரு பதிலைத் தறியில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். கலசப்பாக்கத்திலிருந்து போளூர் வழியாக ஆரணி போனால் பட்டுத்தறி ஊர்கள். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை போட்ட அட்டைகள் கயிற்றில் கோத்துத் தொங்கும். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை நகரும். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் தூக்கும், இல்லாத இடத்தில் கிடக்கும். அந்த இடைவெளியில் ஊடை போகும். இப்படிப் பல நூறு அட்டைகள் ஓடி முடிந்தால் கரையில் ஒரு அன்னப்பறவை. ஜாக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் 1804 வாக்கில் உருவாக்கிய ஏற்பாடு. ஓட்டை ஒன்று, ஓட்டையின்மை பூஜ்யம். 1843-இல் எய்டா லவ்லேஸ், பாபேஜின் கணிப்பொறியைப் பற்றி எழுதியபோது இந்தத் தறியைத்தான் உவமை காட்டினார். அதே குறிப்புகளில், சுரங்களுக்கு இடையிலான உறவுகளைக் கணக்காக எழுத முடிந்தால் இந்த இயந்திரம் இசையும் அமைக்கக்கூடும் என்றும் ஊகித்தார். சீக்வென்சரின் கொள்ளுத்தாத்தா நம் தறியின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆரணியில் யாரும் ஜக்கார்டு போட்ட சேலையை உயிரில்லாத சேலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் கைத்தறி என்றுதான் சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். சட்டமும் அப்படியே. 1985-ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறியை வரையறுக்கும் விதம் வேடிக்கையானது: விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. தறிக்குத் தலையில் புரோகிராம் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிப் பட்டு மாட்டிக்கொண்டிருக்கும். அன்னப்பறவையைக் கட்டத்தாளில் வரைந்தவர் ஒருவர், அதைப் பார்த்து அட்டை அடித்தவர் ஒருவர், நெய்தவர் ஒருவர். எந்த நூல் தூக்க வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். சேலையில் நமக்குப் பிடித்தது அந்த முடிவு. நியூமனின் இசையில் எனக்குப் பிடித்ததும் அதுதான். எங்கே வாயை மூடிக்கொள்வது, ரோபோவின் மோட்டார் முனகலுக்கு எப்போது வழி விடுவது என்று அவர் எடுத்த நூறு முடிவுகள்.

நம் படங்களில் அந்த முடிவு எடுக்கப்படுவதே இல்லை என்பதுதான் என் உண்மையான குற்றச்சாட்டு. 'டிக் டிக் டிக்' 2018-இல் இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரத்தோடு வந்தது. இமானின் நூறாவது படம். விண்வெளியில் ஒலி பரவாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அங்கே போயும் பின்னணி இசை மூச்சு விட மாட்டேன் என்கிறது. 2014-இல் 'கோச்சடையான்'. ரஹ்மானின் இசையில் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒலியும் கோரஸும் முழங்குகின்றன. தனியாகக் கேட்டால் கம்பீரம்தான். ஆனால் திரையில் முகங்கள் விறைத்து நிற்கின்றன. அந்த முகங்களுக்கு உயிர் ஊட்டும் வேலையையும் இசையின் தலையில் கட்டிவிட்டார்கள். அதுவும் தொண்டை கிழியக் கத்திப் பார்க்கிறது. லைவ், கம்ப்யூட்டர் பேச்சுக்கு இங்கே ஒரு அர்த்தமும் கிடையாது. அந்த இசைக்குச் சும்மா இருக்க அனுமதி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நமக்கும் பின்னணி இசை என்றால் ஹீரோ கதவைத் திறக்கும்போது வரும் எட்டு நொடி. அதை வெட்டி ஸ்டேட்டஸில் வைத்து 'கூஸ்பம்ப்ஸ்' என்று எழுதுவோம். அதற்குமேல் கேட்பதில்லை.

இப்போது எதிர்க்கட்சியின் ஒரே பலமான வாதத்துக்கு வருகிறேன். "தம்பி, தத்துவம் எல்லாம் சரி. சீக்வென்சர் வந்தபின் சென்னையில் எத்தனை வயலின்காரர்கள் வேலை இழந்தார்கள் தெரியுமா?"

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வரிசை வரிசையாக உட்கார்ந்து நோட்ஸ் பார்த்து வாசித்தவர்கள், தபலா, டோலக், செலோக்காரர்கள், ஒரு பெட்டிக்குள் அடைந்து போனார்கள். பலர் கோயில் கச்சேரிக்கும் டியூஷனுக்கும் போனார்கள். எங்கள் பக்கம் விசைத்தறி வந்தபோது நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கவனியுங்கள், இது உயிரைப் பற்றிய வாதம் இல்லை, கூலியைப் பற்றிய வாதம். நெசவாளர் சங்கம் கொடி பிடிக்கும்போது "விசைத்தறிச் சேலையில் ஆத்மா இல்லை" என்று கோஷம் போடுவதில்லை. கூலியை ஏற்று, ஒதுக்கீட்டு ரகத்தை விசைத்தறியில் போடாதே என்கிறார்கள். அந்தச் சட்டத்தில் 11 ரகங்கள் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன, சேலை அதில் ஒன்று. எந்த ரகச் சேலை என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது. மீறுகிறார்கள், அது வேறு கதை. கேட்பதற்கு ஒரு வாசகமாவது எழுத்தில் இருக்கிறது. இசைக்கு? உயிர் என்ற சொல்லைச் சொல்லி உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். அந்தச் சொல் வயலினைப் புகழ்கிறது, வாசித்தவரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. உங்களுக்குப் பிடித்த ராஜா பாட்டில் அந்த வயலின் துணுக்கை வாசித்தவர் பெயர் என்ன? உயிரைக் கேட்டேன் என்கிறீர்களே, யாருடைய உயிர்?

இதில் இன்னொரு அசிங்கமும் இருக்கிறது. "லைவ் ஆர்கெஸ்ட்ரா" என்று இன்று நம் படங்கள் பெருமையாக மேக்கிங் வீடியோ போடும்போது திரையில் தெரிவது யார்? பெரும்பாலும் ஐரோப்பியர்கள். 'ஹே ராம்' 2000-லேயே புடாபெஸ்ட் போனது, 2005-இல் 'திருவாசகம்' அதே ஊருக்குப் போனது. அவை ராஜா அங்குலம் அங்குலமாக எழுதிய இசை, அந்த ஒலியைக் கேட்கும் இசை. அதில் எனக்குப் புகார் இல்லை. 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் அவருடைய சிம்ஃபனியை வாசித்ததிலும் பெருமைதான். ஆனால் ஒரு குத்துப்பாட்டின் இடையிசைக்கு அங்கே ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, இங்கிருந்து இணையத்தில் பார்த்துக்கொண்டே பதிவு செய்துவிட்டு, "உயிரோட்டமான இசை" என்று போஸ்டர் அடிப்பது என்ன ரகம்? வெளிநாட்டு வில்லில் உயிர் இரண்டு பிடி கூடுதல் போல. கோடம்பாக்கத்து வயலின்காரர் இரண்டு முறை தோற்றிருக்கிறார். முதலில் கீபோர்டிடம், பிறகு லைவிடம்.

சரி, கீபோர்டுக்குள் இருக்கும் வயலின் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. எங்கோ ஒரு கூடத்தில் நிஜ ஆட்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, வேகமாக, மென்மையாக, அழுத்தமாக எனப் பல தடவை வாசித்துப் பதிந்தார்கள். நாம் 'உயிரில்லாத' என்று சொல்லும் பெட்டிக்குள் இருப்பது அவர்களின் வில்தான். ஒரு தடவை சம்பளம், காலகாலத்துக்கும் வேலை. இதைப் பற்றிப் பேசுவோமே. 2024-இல் 'லால் சலாம்' படப் பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார் ரஹ்மான். இணையம் கொதித்தது. "செத்தவங்க குரல்ல உயிர் எப்படி வரும்" என்று வழக்கமான பல்லவி. ரஹ்மான் சொன்ன பதில் வேறு தளத்தில் இருந்தது: குடும்பங்களிடம் அனுமதி வாங்கினோம், உரிய பணமும் கொடுத்தோம். அந்தப் பதிலில் எனக்கு இன்னும் கேள்விகள் உண்டு. அடுத்தவர் அனுமதி கேட்பாரா, பணம் எவ்வளவு என்று தீர்மானிப்பது யார், பாட்டு ஓடும் ஒவ்வொரு தடவையும் குடும்பத்துக்குப் பங்கு உண்டா? ஆனால் இவை கேட்கக்கூடிய, பதில் சொல்லக்கூடிய, தேவைப்பட்டால் கோர்ட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய கேள்விகள். உயிர் இருக்கிறதா என்ற கேள்வியைக் கொண்டுபோக எந்தக் கோர்ட்டும் கிடையாது. கம்பெனிகளுக்கு அது ரொம்ப வசதி.

ரஹ்மானிடம் எனக்கு நிச்சயமாகப் பிடித்த ஒன்று, தன் ஆல்பங்களின் உறையில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட்டது. புல்லாங்குழல் இன்னார், பேஸ் கிட்டார் இன்னார் என்று. அந்தச் சின்ன எழுத்துகளைப் படித்துத்தான் எனக்கு நவீன் என்ற பெயரும் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரும் தெரியும். இப்போது உறையே இல்லை. போனில் பாட்டைத் திறந்தால் படத்தின் போஸ்டர், இசையமைப்பாளர் பெயர், பாடகர் பெயர், கீழே வரிகள். கீபோர்டு புரோகிராமிங் செய்தவருக்கு இடமில்லை. வயலின்காரருக்கும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் லைவும் கம்ப்யூட்டரும் சரிசமம்.

'வால்-ஈ'யின் கடைசி டைட்டிலைப் பார்த்திருக்கிறீர்களா? பீட்டர் கேப்ரியலின் பாட்டு ஓட, பூமிக்குத் திரும்பிய மனிதர்களும் ரோபோக்களும் சேர்ந்து பிழைக்கும் கதை படங்களாக நகரும். முதலில் குகை ஓவியம், அப்புறம் எகிப்து, அப்புறம் மொசைக், வான் கோ வரை. பிறகு எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாகி, பழைய வீடியோ கேம் பொம்மைகளாக வால்-ஈயும் ஈவும் பெயர்களுக்கு நடுவே ஓடுவார்கள். கட்டத்தாளில் வரைந்த அன்னப்பறவை மாதிரி. வேலை செய்த அத்தனை பேரின் பெயரும் அங்கே மேலேறிப் போகும். எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் அதைப் பார்க்க வாய்ப்பில்லை. முதல் பெயர் வரும்போதே ஆபரேட்டர் விளக்கைப் போட்டுவிடுவார், பக்கவாட்டுக் கதவு திறந்துவிடும், பைக் ஸ்டாண்டில் வண்டி எடுக்கும் சத்தம் கேட்கும்.